சுவரில் ஒட்டிய வைன் பெட்டி

ஐஸ் வாளியைப் பார்த்தவுடனேயே லோஜினிக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. ஜூலை மாதம். நோர்வூட்டுக்கு மேலே மலை முழுக்க மூன்று நாளாக விடாத மழை. சமையலறையில் இருப்பவர்கள் விரல் விறைக்காமல் இருக்க அடிக்கடி அடுப்பில் கையைக் காட்டிக்கொள்கிறார்கள். இந்த மனிதர் என்னவென்றால் வெள்ளை வைன் போத்தலைக் கழுத்து வரைக்கும் ஐஸில் புதைத்து வைத்திருக்கிறார். கொழும்பில் அப்படித்தான் செய்வார்களாம். கொழும்பில் செய்யட்டும், அங்கே வெயில் கொளுத்துகிறது. இங்கே போத்தலைச் சும்மா ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

"சார், இந்தக் குளிருக்கு ஐஸ் வேணாங்க. ரொம்பச் சில்லிட்டா வாசனை எழும்பாது."

திலக்ஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டுபாய் ஹோட்டல்களில் ஐந்து வருடம் வைன் ஊற்றிவிட்டு வந்தவர். இந்தப் பங்களா ஹோட்டலுக்கு வைன் பரிமாறும் ஒழுங்கை அமைத்துக் கொடுக்க இரண்டு மாதத்துக்கு வந்திருந்தார்.

"வெள்ளை வைன் என்றால் ஐஸ், தங்கச்சி. அது ரூல்."

"சரிங்க சார்."

இந்தச் "சரிங்க" இருக்கிறதே, அதைச் சொன்ன மறுநொடியே அவளுக்குத் தன் மேல் பற்றிக்கொண்டு வரும். தேயிலைத் தோட்டத்தில் அம்மா கங்காணியிடம் சொன்னது, அப்பா துரையிடம் சொன்னது. இருபத்து நான்கு வயதில், ஹோட்டல் படிப்புச் சான்றிதழோடு, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு இவளும் அதையேதான் சொல்கிறாள்.

ஆனால் இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும். திலக்ஷன் அடுத்த வாரம் கொழும்புக்குத் திரும்புகிறார். அவருடைய இடத்துக்கு லோஜினியைப் போடுவதாக மேனேஜர் பிரதாப் வாக்குக் கொடுத்திருந்தார். "இண்டைக்கு லஞ்ச் நல்லா நடக்கட்டும், அதுக்குப் பிறகு வைனுக்கு நீதான் பொறுப்பு" என்று. அந்தப் பொறுப்போடு பங்களாவுக்குப் பின்னால் ஊழியர் குவாட்டர்ஸில் இரண்டு அறையும் வரும். டைல்ஸ் போட்ட தரை, ஒழுகாத கூரை, கை வைத்தால் காய்ந்திருக்கும் சுவர். அவளுக்கு வேலையின் பெயர் பெரிதில்லை, அந்தச் சுவர்தான் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஜீவராணியும் அக்காவின் ஆறு வயது மகள் தக்ஷிகாவும் அவளும் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறார்கள். அக்காவின் கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மழை பிடித்தால் காம்பராவின் பின்சுவர் தானாகவே ஈரம் கக்கும். பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும். ராத்திரி முழுக்க அதன் நெஞ்சுக்குள்ளே விசில் சத்தம் கேட்கும். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் லேசாகச் சொல்லிவிட்டார். எங்கே இருக்கிறது அந்த இடம் என்று அவர் சொல்லவில்லை.

தோட்டமும் பங்களாவும் ஒரே கம்பெனிக்குத்தான் சொந்தம். கூரைத் தகரத்தை மாற்றித் தரச் சொல்லி மூன்று வருடமாகத் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் கிடையாது. அதனால் அந்த லயத்தில் பன்னிரண்டு வீட்டாரும் ஒரு காரியம் செய்தார்கள். ஹோட்டலில் காலியாகும் அட்டைப்பெட்டிகளை லோஜினி கேட்டு வாங்கி வருவாள். அவற்றைப் பிரித்து, கோதுமை மாவில் பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். குளிர் கொஞ்சம் மட்டுப்படும், சுவரின் கறுப்பும் கண்ணில் படாது. அவர்கள் காம்பராவில் பெரும்பாலும் ரோஷ்வால் என்ற பிரெஞ்சு வைன் பெட்டிகள்தான், மணிக்கூண்டுப் படம் போட்டவை. தக்ஷிகா படுத்துக்கொண்டே அந்த மணிக்கூண்டுகளை எண்ணுவாள்.

இன்றைய லஞ்சுக்கும் அதே ரோஷ்வால்தான், பிரான்சின் அல்சாஸ் பக்கத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். அதைத் தேர்ந்தெடுத்தவளும் லோஜினிதான். தேங்காய் ரொட்டிக்கும் காரமான கட்டச்சம்பலுக்கும் எந்த வைன் சேரும் என்று இரண்டு வாரம் சமையலறை மூலையில் நின்று போத்தல் மிச்சங்களை வைத்துப் பார்த்தாள். திலக்ஷன் சொன்ன, தித்திப்பே இல்லாத ஷப்லி வைனைச் சம்பலுக்கு மேல் குடித்தால் கொச்சிக்காய் நாக்கில் நெருப்பாகப் பற்றுகிறது, வைனும் கசந்து போகிறது. இந்த ரீஸ்லிங்கில் லேசாக ஒரு தித்திப்பு உண்டு. அது காரத்தைத் தடவிக் கொடுத்து இறக்கிவிடுகிறது, அதன் புளிப்பு சம்பலில் பிழிந்த தேசிக்காயோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. திலக்ஷன் ஒரு வாய் சாப்பிட்டார், ஒரு வாய் குடித்தார், "ம்" என்றார். அடுத்த நாள் அச்சடித்து வந்த மெனு அட்டையில் "உணவும் வைனும்: தேர்வு, திலக்ஷன்" என்று போட்டிருந்தது. அதையும் அவள் விழுங்கிக்கொண்டாள், குவாட்டர்ஸ் சுவரை நினைத்து.

பதினொன்றரை மணிக்கு முதல் போத்தலைத் திறந்தார் திலக்ஷன். கார்க்கை அவளிடம் நீட்டினார். மூக்கருகே கொண்டுபோனதும் அவளுக்குத் திக்கென்றது. வாடை ரொம்ப மெல்லியதுதான். ஆனால் அந்த வாடையை அவள் எங்கேயும் கண்டுபிடிப்பாள். தினமும் அதோடுதான் கண் விழிக்கிறாள்.

"சார், பூஞ்சணம் அடிக்குதுங்க. ஈர அட்டை மாதிரி. கார்க் கெட்டுப்போயிருக்கும்."

திலக்ஷன் கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஐஸ் குளிரோடு ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிரித்தார். "அதுதான் மண்வாசனை. அந்த ஊர் நிலத்துக்கே உரிய வாசனை. அதுக்குத்தான் இவ்வளவு விலை. உங்களுக்குப் பழகேல்ல, அவ்வளவுதான்."

எனக்கா பழகவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது.

"சரிங்க சார்."

பன்னிரண்டரைக்கு விருந்தாளிகள் கண்ணாடி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். ஆறு பிரெஞ்சுக்காரர்கள். அவர்களில் முக்கியமானவர் மதாம் எலேன், அறுபது வயதிருக்கும். பாரிஸில் சுற்றுலா நிறுவனம் நடத்துகிறார். அவர் தலையசைத்தால் அடுத்த வருடம் முழுக்க இந்தப் பங்களாவுக்கு ஆள் வரும். பிரதாப் அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். ஹட்டன் கடைவீதியில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருக்கிறது. வாடிக்கையாளரின் முகத்தைப் படிக்கும் பழக்கம் இரத்தத்தில் ஊறியது.

வராந்தாவின் ஒரு மூலையில், விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று பிரதாப் கூப்பிட்டு வைத்திருந்த ஜீவராணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பொட்டு, பூ, இரவல் பட்டுச்சேலை. முதுகில் வெறும் கொழுந்துக் கூடை. அதன் கயிறு நெற்றிக்கு மேலே இழுத்துப் பிடித்திருந்தது. ரொட்டி தட்டுகிறவள் எதற்குக் கூடை மாட்ட வேண்டும்? படத்துக்கு அழகாக இருக்கும் என்று பிரதாப் சொல்லியிருந்தார். குனியும்போதெல்லாம் கூடை அவள் பிடரியில் இடித்தது. அதைப் பார்க்கப் பார்க்க லோஜினிக்குக் காது மடல் சூடேறியது.

ரொட்டியும் சம்பலும் மேசைக்குப் போயின. வைன் ஊற்றப்பட்டது. திலக்ஷன் அந்த நிலத்தின் கல்லையும் மண்ணையும் மழையையும் பற்றி அழகான ஆங்கிலத்தில் பேசினார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள், ஒரு மிடறு குடித்தார்கள், பிறகு தண்ணீரைத் தேடினார்கள். கிளாஸ்கள் குளிர் விட விட அந்த வாடை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. லோஜினிக்கு நின்ற இடத்திலேயே அது தெரிந்தது. மதாம் எலேன் கிளாஸைக் கையில் பிடித்திருந்தாரே தவிர குடிக்கவில்லை. முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு அவர் எழுந்து நேரே ஜீவராணியிடம் போனார். "உங்கள் உணவோடு இது சேர்கிறதா? சமைத்தவர் சொல்ல வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தன் கிளாஸை நீட்டினார். பிரதாப் துள்ளி வந்து போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானார். "சும்மா ஒரு வாய் வைச்சுப் பாருங்கம்மா, சிரிங்க."

ஜீவராணி மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கிளாஸை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். மூக்கைச் சுளித்துத் தங்கையைப் பார்த்தாள்.

"என்னாடி இது? நம்ம காம்பரா செவுத்து அட்டை வாடை அடிக்குது. இதையா அம்புட்டு தூரத்துல இருந்து கொண்டாந்து குடிக்கிறாங்க?"

எல்லோரும் லோஜினியைப் பார்த்தார்கள். மதாம் எலேன் புருவத்தை உயர்த்தி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பிரதாப்பின் கண்கள் அவள் மேல் குத்தி நின்றன. லோஜினிக்குக் குவாட்டர்ஸின் வெள்ளைச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வெரி குட் என்கிறார், மதாம். மிகவும் பிடித்திருக்கிறதாம்."

அவள் மறந்துபோனது ஒன்று. ஜீவராணிக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் பதினாறு வருடமாக மலையில் கொழுந்து பறிக்கிறவள். ரோட்டோரத்தில் வேனை நிறுத்திப் படம் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் வாயிலிருந்து விழும் சொற்கள் நான்கைந்து உண்டு. நைஸ், ஸ்மைல், தேங்க் யூ, வெரி குட். அந்த நான்கைந்தும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வெரி குட்டா? வெரி குட்டுன்னு நான் எப்பச் சொன்னேன்?" ஜீவராணி கிளாஸை மேசை மேல் வைத்தாள். சத்தமாக வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கூடைய மாட்டச் சொன்னீங்க, மாட்டிக்கிட்டேன். இரவல் சேலையக் கட்டச் சொன்னீங்க, கட்டிக்கிட்டேன். நாத்தத்தையும் நல்லாருக்குன்னு சொல்லணுமா? என் வாயில வராத பேச்ச ஏன்டி சொல்ற? நீயுமா லோஜி?"

அந்த "நீயுமா" லோஜினியின் நெஞ்சில் போய்த் தைத்தது. வெட்கம் முதலில் வந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபம் மொத்தமாக வந்தது. ஐஸ் வாளி, மெனு அட்டை, கூடை, எல்லாம் சேர்ந்து.

"மன்னிக்கவும், மதாம். நான் தவறாகச் சொல்லிவிட்டேன்," என்றாள் ஆங்கிலத்தில். "வைனில் ஈர அட்டை வாடை அடிக்கிறது என்கிறார் என் அக்கா. அவர் சொல்வது சரி. கார்க் கெட்டிருக்கிறது. எனக்குக் காலையிலேயே தெரியும்."

திலக்ஷன் சிரிக்கப் பார்த்தார். "அது நிலத்தின் வாசனை..."

மதாம் எலேன் அவருக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். கிளாஸை இரண்டு கையாலும் பொத்திச் சூடாக்கி, ஆழமாக முகர்ந்தார். பிறகு பிரெஞ்சில் தன் ஆட்களிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். ஐந்து பேரும் அப்பாடா என்பதுபோலக் கிளாஸைத் தள்ளி வைத்தார்கள். அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இரண்டாவது போத்தலை லோஜினியே திறந்தாள். ஐஸ் இல்லை. கார்க்கை முகர்ந்தாள், சுத்தமாக இருந்தது. ஊற்றியதும் பச்சை ஆப்பிளும் தேனும் கலந்த வாசனை மேசை மேல் பரவியது. மதாம் எலேன் ரொட்டியைக் கிள்ளிச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டார், காரத்தில் கண் கலங்கினார், வைனைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மிடறு குடித்தார். "இந்த ஜோடியை யார் சேர்த்தது?" என்று கேட்டார். திலக்ஷன் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். "நான்தான், மதாம்," என்றாள் லோஜினி.

பிரதாப் முகம் படிப்பதில் கெட்டிக்காரர் என்று சொன்னேனே. மேசை சந்தோஷமாக இருக்கிறது என்று கண்டதும் ஆளே மாறிவிட்டார். லோஜினியின் காதருகே வந்து, "கெட்டிக்காரி. குவாட்டர்ஸ் சாவி பின்னேரம் உன் கையில" என்றார். முடிந்தது, கிடைத்துவிட்டது என்று நினைத்தாள் லோஜினி. தக்ஷிகா காய்ந்த தரையில் படுக்கப் போகிறாள்.

அப்போதுதான் மதாம் எலேன் கேட்டார். "எங்களில் ஒருவருக்கும் சொல்லத் துணிவில்லை. உங்கள் அக்கா ஒரு நொடியில் சொல்லிவிட்டார். எப்படி?"

லோஜினி வாயைத் திறப்பதற்குள் பிரதாப் முந்திக்கொண்டார். "இது இந்த மலையின் கொடை, மதாம். ஐந்து தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்கிறவர்கள். இவர்களுக்கு மூக்கும் நாக்கும் இயற்கையிலேயே அப்படி அமைந்துவிடும். இதை அடுத்த வருடம் எங்கள் விளம்பரத்திலேயே போடப் போகிறோம். ஜீவராணியின் மூக்கு." எல்லோரும் கை தட்டினார்கள். ஜீவராணி ஒன்றும் புரியாமல் கூடையோடு நின்றாள்.

கொடையாம். லோஜினிக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது போலிருந்தது. பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும் ஈரத்தைப் பெருமை என்று விற்கப் போகிறான். அக்கா சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்றாலாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். இதை எப்படிப் பொறுப்பது?

கடைசி இனிப்பாக வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவள் பின்கதவால் இறங்கினாள். லயத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. மழையில் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. காம்பராவில் தக்ஷிகா சுவரோரம் போர்த்திப் படுத்திருந்தாள், பக்கத்து வீட்டு அக்கா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் மூச்சு வாசல் வரை கேட்டது. லோஜினி தலைமாட்டுச் சுவரில் இருந்த அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சொதசொதவென்று கையோடு வந்தது.

அதை அவள் வெள்ளைத் துணி விரித்த வெள்ளித் தட்டில் வைத்து, வைன் போத்தலைக் கொண்டுவருவது போலவே இரண்டு கையாலும் ஏந்தி வராந்தாவுக்குள் வந்தாள். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. தட்டை மதாம் எலேனுக்கு முன்னால் வைத்தாள். முன்பக்கத்தில் மணிக்கூண்டும் ரோஷ்வால் என்ற எழுத்தும். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம்.

"கேட்டீர்களே, மதாம். எங்கள் வீட்டுச் சுவர் இது. என் அக்கா மகள் இதன் அடியில்தான் படுக்கிறாள். கூரை ஒழுகுகிறது, மூன்று வருடமாகக் கடிதம் எழுதுகிறோம். என் அக்காவுக்கு எந்தக் கொடையும் இல்லை. தினமும் இதைத்தான் முகர்கிறார். முகர்ந்து பாருங்கள்."

மதாம் எலேன் குனிந்து முகர்ந்தார். பிறகு தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளினார். தட்டு மேசையைச் சுற்றி வந்தது. கடைசியாகத் திலக்ஷனிடம் வந்தது. அவரும் முகர்ந்தார். அவர் மண்வாசனை என்று சொல்லவில்லை.

பிரதாப் அவளைச் சரக்கறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். "சாவி கையில வர்ற நேரத்துல இப்பிடியா செய்வே? ஒனக்கு மூளை இருக்கா?" என்றார். "கோட்டக் கழட்டு. நாளைக்கு வர வேணாம்."

"சரிங்க" என்று சொல்லவில்லை அவள். கோட்டைக் கழற்றி வைன் பெட்டிகளின் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அக்காவும் தங்கையும் படியிறங்கும்போது மழை விட்டிருந்தது. கூடையை ஜீவராணி கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"சாவி?" என்று கேட்டாள் பாதி தூரத்தில்.

"இல்லக்கா. வேலையும் போச்சு."

"எங்கேர்ந்து கிழிச்ச?"

"தக்ஷி தலமாட்டுலேர்ந்து."

"அடிப்பாவி, வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?" ஜீவராணி நின்று அவளை முறைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "புள்ள இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பா? அத யோசிச்சியாடி?"

லோஜினி யோசிக்கவில்லை.

காம்பராவில் அட்டை போன இடத்தில் சுவர் திறந்து கிடந்தது. ஒரு முழ அகலத்துக்குக் கறுத்து, நீர் கசிந்து, மயிர் முளைத்தது போலப் பூஞ்சணம். தக்ஷிகா எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, மணிக்கூண்டுக்குப் பின்னால இதுவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஜீவராணி மகளைத் தூக்கி எதிர்ப்பக்கம் அடுப்படியில் உட்கார வைத்தாள். பிறகு சுவரருகே போய் அடுத்த அட்டையின் ஓரத்தில் நகத்தை விட்டாள். ஒரே இழுப்பில் கிழித்தாள். அதற்கடுத்ததையும் கிழித்தாள். லோஜினியும் போய்ச் சேர்ந்துகொண்டாள். பத்து நிமிடத்தில் பின்சுவர் முழுக்க வெறுமையானது, காம்பராவுக்குள் மூச்சு விட முடியவில்லை.

"அம்புட்டையும் நாமளே மூடி மூடி வச்சுக்கிட்டு, கூரைய மாத்துன்னு காயிதம் எழுதினா எவன் வந்து பாப்பான்?" என்றாள் ஜீவராணி. கிழித்த அட்டைகளை அள்ளிக் கொழுந்துக் கூடைக்குள் திணித்தாள். காலையில் ஏழு மணிக்குப் பெரட்டு, துரை வந்து நின்று வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம். அங்கே எல்லாரும் கூடையோடுதான் போவார்கள்.

பிள்ளையைத் தங்கையிடம் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். லோஜினிக்கு உள்ளேயிருந்து கேட்டது.

"ஒங்க வீட்டு அட்டையையும் கழட்டுங்க. நாளைக்குக் கூடையில போட்டுப் பெரட்டுக்குக் கொண்டாங்க."